இரண்டாம் வட்டு

பிராஸ் பாசா கடைத்தொகுதி, மூன்றாம் மாடி.
மின்தூக்கியை விட்டு வலப்பக்கம்,
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடுத்தது.
பெயர்ப்பலகை இன்னும்
‘தபால்தலைகள், நாணயங்கள்’ என்று சொல்லும்.
நம்ப வேண்டாம்.
மேசைக்கு அடியில்
வாழைப்பழம் வந்திறங்கிய அட்டைப்பெட்டியில் இருக்கிறது
என் சனிக்கிழமை.

முழங்காலிட்டுத்தான் தேட வேண்டும்.
பேய்ப்படம், கொரிய நாடகம்,
யோகப் பயிற்சி பாகம் இரண்டு,
யாரோ ஒருவரின் கல்யாணம்
(மணமக்களே விற்றிருப்பார்களோ),
அதற்கும் அடியில் ரயில்.

கதையில்லாத ரயில்.
கொலை இல்லை. பாட்டு இல்லை.
கடைசி நிமிடத்தில் ஓடிவந்து ஏறும் காதலி இல்லை.
ஓட்டுநர் இருக்கைப் பக்கம் ஒரு கேமரா,
முன்னால் கண்ணாடி,
மழை வந்தால் துடைப்பான்.
மூன்று மணி நேரம்
தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும்.
அக்கா ஒருமுறை பாதி பார்த்தாள்.
“எப்ப ஆரம்பிக்கும்?” என்றாள்.

கடைக்காரர் ச்சியாவுக்கு ரயில் தெரியாது.
என்னைத் தெரியும்.
உறையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேனென்றால்
ஒரு வெள்ளி ஏறிவிடும்.
ஆகவே சமையல் படம் ஒன்றை எடுத்து
நெடுநேரம் யோசிப்பேன்.
பிறகு, போகிறபோக்கில், இதுவும் என்பேன்.
ஒன்று மூன்று வெள்ளி, இரண்டு சேர்த்தால் ஐந்து.
இந்தக் கணக்கில் வீட்டில்
பதினேழு சமையல் படங்கள்.
நான் இன்னமும்
உணவங்காடியில்தான் சாப்பிடுகிறேன்.

போன வாரம் பெட்டிக்குள் இன்னொரு கை.
நகக்கண்ணில் கிரீஸ்.
இருவரும் பிடித்திருந்தது ஒரே உறை:
மலைப்பாதை, நீராவி, பனிக்காலம்.
வட்டுகள் இரண்டு.
முதலாவது ஏற்றம், இரண்டாவது இறக்கம்.

பெயர் ஜுனைதி என்றார்.
எம்ஆர்டி பணிமனையில் இரவு வேலை,
சக்கரங்களைப் பார்ப்பவர்.
“ராத்திரி முழுக்க அதைத்தானே பார்க்கிறீங்க?”
எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.
“அடியிலிருந்து” என்றார்.
“எதிரே என்ன வருதுன்னு ஒருநாளும் பார்த்ததில்லை.”

நான் சொல்லவில்லை:
வடகிழக்குப் பாதையில் ஓட்டுநர் இல்லாத ரயிலில்
முன்கண்ணாடியோரம்
ஆறு வயதுப் பையன்களோடு
இடத்துக்கு முண்டியடிப்பேன் என்று.
இருட்டு, ஒரு விளக்கு, மறுபடி இருட்டு.
பையன்கள் சலித்து அம்மாவிடம் போய்விடுவார்கள்.
பொங்கோல் வரை நான் நிற்பேன்,
நாற்பத்தொன்பது வயதில்,
மருந்தகச் சீருடையில்.

ச்சியா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.
“எட்டு வெள்ளி.”
தேய்ந்து கட்டெறும்பாக வேண்டிய கழுதை
கண்ணெதிரே வளர்ந்து குதிரையானது.

ஆளுக்கு நான்கு போட்டோம்.
ஏற்றம் எனக்கு, இறக்கம் அவருக்கு.
“பார்த்துட்டு மாத்திக்கலாம்,”
ரசீதின் பின்னால் எண் எழுதிக் கொடுத்தார்.
காலி உறையை ச்சியா வைத்துக்கொண்டார்.
அதையும் விற்பார்.

அன்றிரவு மின்விசிறி மூன்றில் சுழல
என் வீட்டில் பனி பெய்தது.
பைன் மரங்கள், ஒரு பாலம்,
கொடி ஆட்டும் ஆள், அவனுடைய நாய்.
நாற்பத்தோராம் நிமிடம், சுரங்கத்தின் வாயில்,
படம் நின்றது.
கீறல்.
புகை, கல்லில் செதுக்கியதுபோல் அப்படியே.
வட்டை எடுத்துச் சட்டையில் துடைத்தேன்,
பற்பசை தடவினேன், ஊதினேன்,
திட்டினேன்.
ஒரு தாவு தாவி
மறுபக்க வெயிலில் போய் விழுந்தது ரயில்.
பிறகு மலை உச்சி.
இறங்கியவர்கள் காலை உதறிக்கொண்டார்கள்.
கறுப்புத்திரை.

செவ்வாய் வரைக்கும் பொறுத்தேன்.
மதிய உணவு வேளையில் எண்ணை அழுத்தினேன்.
தூக்கக் குரல்.
“சுரங்கம் போச்சு,” என்றேன், பெயர்கூடச் சொல்லாமல்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு,
“என் வட்டில் இருக்கு.
இறங்கும்போதும் அதே வழிதானே.
மூணு நிமிஷம் வரும்.
ஆனா ஒண்ணும் தெரியாது, அக்கா.
வெறும் இருட்டு.”

“தெரியும்,” என்றேன்.
“அதைத்தான் பார்க்கணும்.”